ஆப்பிரிக்காக்காரிக்காக இருமியவர்கள்

இருபத்தெட்டு வயதில் எனக்குச் சேவை ஓய்வுப் பாராட்டு நடந்தது. பொன்னாடை, சுவர் மணிக்கூடு, சட்டம் போட்ட வாழ்த்துமடல், எல்லாம். உண்மையில் என் நான்கு வருட ஒப்பந்தம் முடிந்தது, வேறு படிப்புக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் அலுவலக எழுதுநரிடம் பிரியாவிடைக்கென்று இருந்தது ஒரே ஒரு மாதிரி மடல். அது அறுபது வயதுக்காரர்களுக்கானது. பெயரை மட்டும் மாற்றி அச்சடித்துவிட்டார். "வாழ்நாளின் பெரும்பகுதியைச் சேவைக்கு அர்ப்பணித்து, இனிப் பேரப்பிள்ளைகளுடன் இளைப்பாறச் செல்லும்" என்று அதில் என் பெயருக்கு முன்னால் இருக்கிறது. அம்மா அதை வீட்டு விறாந்தையில் மாட்டிவிட்டார். கலியாணம் பேசி வருகிறவர்கள் வாசிப்பார்களே என்று நான் கழற்றுகிறேன், அவர் திரும்ப மாட்டுகிறார். இப்படியே போகிறது.

அந்த மடலை வாசித்துச் சிரித்து முடித்த பிறகுதான், அடுத்த தொகுதியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தங்கச்சிமார் மூன்று பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு டெப் கொடுத்திருக்கிறார்கள். இனி வாயால் கேட்கவே தேவையில்லையாம். பெண்களே திரையைத் தொட்டு ஓம், இல்லை சொல்லுவார்களாம். "நீங்க கடுதாசியில கேட்ட காலத்தை எழுதித் தாங்களன் அக்கா" என்றாள் ஒருத்தி, ஏதோ நான் வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டு வண்டியில் போய்க் கேட்டதுபோல. ஓய்வுபெற்றவள்தானே, எழுதுகிறேன்.

வேலையின் பெயர் கள ஆய்வு உதவியாளர். செய்தது இதுதான்: களுவாஞ்சிக்குடிக்கும் செட்டிபாளையத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் வீடு வீடாகப் போய், "உங்களை அறியாமல் சிறுநீர் கசிகிறதா?" என்று பெண்களிடம் கேட்பது. கலியாண வீடுகளில் "பிள்ளைக்கு என்ன வேலை?" என்று யாராவது கேட்டால் அம்மா "சுகாதாரத்தில" என்பார். அதற்கு மேல் ஒருவரும் கேட்டதில்லை.

பயிற்சி மூன்று நாள். முதல் நாள் சிறுநீர்ப்பை எங்கே இருக்கிறது. இரண்டாம் நாள் அதைத் தாங்கிப் பிடிக்கும் தசை எப்படிப் பிள்ளைப்பேறுகளாலும் வயதாலும் பாரம் தூக்குவதாலும் தளர்கிறது, அதைப் பயிற்சியால் எப்படித் திரும்ப இறுக்கலாம். மூன்றாம் நாள் முழுக்க மேடம்.

மேடம் சமூக மருத்துவம் படித்த டொக்டர். ஒல்லி, பருத்திச் சேலை, மழை வெயில் இரண்டுக்கும் ஒரே கறுப்புக் குடை. கேக்குக்கு மா நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றைத் துவாயில் சுற்றிக் கைப்பையில் வைத்திருப்பார். சிறுநீர்க் கசிவுச் சோதனைக்கு அணையாடையை முதலும் பிறகும் நிறுப்பது அதில்தான். ஒவ்வொரு தாளிலும் நேரத்தோடு கையெழுத்து வைப்பார். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார். 'நீர்' போய் 'தாங்கள்' வரும். 'தாங்கள்' வந்தால் நாங்கள் நடுங்குவோம்.

அவருடைய விதி ஒன்றே ஒன்று. கேள்வியை எழுதியிருக்கிறபடி கேட்க வேண்டும், பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஏழு வரை எண்ண வேண்டும். தலையாட்டக் கூடாது, பேனையைத் தட்டக் கூடாது, "ஒண்டும் இல்லத்தானே அக்கா?" என்று எடுத்துக் கொடுக்கவே கூடாது. "கேட்ட கையோட வாற 'இல்லை' உம்மை அனுப்பிவிடுறதுக்கு. ஏழுக்குப் பிறகு வாறதைத்தான் நான் நம்புவன்" என்பார். எனக்கு ஏழு என்பது பெரிய கொடுமை. நான் மூன்றிலேயே பேசிவிடுகிற பிறவி.

கேள்விக் கொத்து ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஒரு நாட்டில் தாதி ஒருவர், தினை விளைகிற ஊர்களில் பெண்களோடு இருந்து எழுதியது. அங்கும் இங்கும் ஒப்பிட வேண்டும் என்பதால் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது. பதினான்காம் கேள்வி, தலையில் தண்ணீர்ப் பானை சுமக்கும்போது கசிகிறதா? பதினேழாம் கேள்வி, கழுதையில் ஏறி இறங்கும்போது? பத்தொன்பதாம் கேள்வி, தானியத்தை உலக்கையால் இடிக்கும்போது?

"மேடம், இஞ்ச ஆரிட்டயும் கழுதை இல்ல. ஓட்டோ எண்டு மாத்துவமா? உலக்கையும் ஆரும் தொடுறதில்ல, மில்லுக்குத்தான் குடுக்கிறாங்க. அந்தக் கேள்வியைத் தூக்கிட்டா நேரம் மிச்சம்" என்றேன் நான், மூன்று நாள் பயிற்சியின் முழு அறிவோடு.

"தாங்கள் அதை அப்படியே கேட்பீர்கள்" என்றார் மேடம்.

ஊருக்குப் போனேன். ஊரின் பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அந்த அக்காமார் என்னை விடமாட்டார்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, வாவிக்கு அப்பால் வட்டை என்று நாங்கள் சொல்கிற வயல்வெளி.

என் பெரிய பிழை முதல் நாளே நடந்தது. ஆய்வின் அறிமுகத்தில் ஒரு வரி உண்டு: "இக்கேள்விகள் முதலில் ஆப்பிரிக்க நாடொன்றில் பெண்களிடம் கேட்கப்பட்டவை." வாசித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். எனக்கோ உற்சாகம் தாங்கவில்லை. தம்பியின் பள்ளிக்கூட உலகப் படத்தைக் கொண்டுபோய் வேலியில் மாட்டிப் பத்து நிமிடம் விளக்கினேன். எத்தனையோ நாடு, எத்தனையோ மொழி, அங்கேயும் எவ்வளவு பெண்களுக்கு இது இருக்கிறது, வெட்கத்தில் சொல்லாமலே இருக்கிறார்கள் என்றெல்லாம். பெண்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். முடிவில் ஊர் முழுக்க ஒரே முடிவுக்கு வந்தது: இந்தப் புள்ள வந்திருப்பது ஆப்பிரிக்காப் பெண்களின் நோய் வருத்தத்தைப் பற்றி ஆராய. எங்களைப் பற்றி அல்ல.

பரிமளம் அக்காதான் அந்த ஊரின் வாய். ஐம்பது வயது, ஐந்து பிள்ளை. அவருடைய முற்றத்தில் எட்டுப் பேர் கூடியிருந்தார்கள். தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும், ஆனால் தனியாக வர ஒருவரும் தயாரில்லை.

"இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது சிறுநீர் கசிகிறதா?"

"சீ! எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்ல புள்ள" என்றார் பரிமளம் அக்கா. "ஆனா பாவம் அவள், அந்த ஆப்பிரிக்காக்காரி. தும்மல் வரப்போகுதெண்டா காலைப் பின்னிக்கொண்டு நிப்பாள், என்ன?"

"கறுத்தச் சீலைதான் உடுப்பாள்" என்றார் இன்னொருவர். "கறுப்பெண்டா தெரியாதே."

"பஸ்ஸில ஏறமாட்டாள். ஏறினாலும் கதவுக்குப் பக்கத்துச் சீட்டுத்தான்."

"போற வீட்டில தேத்தண்ணி குடிக்கமாட்டாள்."

நான் "உங்களுக்கு?" என்று கேட்டேன். "எங்களுக்கு இல்ல." எட்டுத் தாளிலும் 'இல்லை' என்று அடையாளமிட்டேன். கழுதைக் கேள்வி வந்தது. வாசித்ததும் பரிமளம் அக்கா, "என்னகா, கழுதையா? இவட மாப்பிள்ளையைச் சேத்தா?" என்று பக்கத்திலிருந்தவரைக் காட்டினார். சிரிப்பு வெடித்தது. சிரித்த எட்டுப் பேரில் மூன்று பேர் சிரிப்போடு சிரிப்பாக எழும்பி, தொடையை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்பக்கம் ஓடினார்கள். திரும்பி வரும்போது சேலை மாறியிருந்தது. நான் தாளைப் பார்த்தேன். சிரிக்கும்போது கசிகிறதா? இல்லை, இல்லை, இல்லை. ஒழுங்காகத்தான் நிரப்பியிருந்தேன்.

பரிமளம் அக்காவின் மச்சாள் பாக்கியம் அக்கா அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அவரைத் தேடி வீட்டுக்குப் போனேன். குசினிக்குப் பின்னால் பலகையில் உட்கார்ந்து வாவி இறால் உரித்துக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு வயது, நல்ல உயரம், உலக்கை பிடிக்கவென்றே செய்த தோள். கேள்விக்கெல்லாம் இறாலைப் பார்த்தபடியே "இல்ல", "இல்ல". நானும் வேகமாகப் போனேன்.

"தானியத்தை உலக்கையால் இடிக்கும்போது சிறுநீர் கசிகிறதா?"

இறால் உரித்த கை நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஏழு வந்தது, போனது. ஒன்பது. பத்து. பூனை ஒன்று வந்து ஒரு இறாலை எடுத்துக்கொண்டு போயிற்று. அவர் விரட்டவில்லை.

"அவளுக்கும் இடிக்கேக்கயா?" என்றார்.

"ஆருக்கு அக்கா?"

"அவளுக்குத்தான். ஆப்பிரிக்காக்காரிக்கு. அவள் தன்ட வாயால சொன்னாளா?"

"சொல்லியிரிக்காங்க. அதாலதான் கேள்வியா வந்திரிக்கு."

"கோயிலுக்கு இடிக்கிற நெல்லா?"

அவரே தொடர்ந்தார். "கோயில் நெல்லெண்டா அவள் பயப்பிடுவாள். உலக்கையைத் தூக்கேக்க ஒருதரம் போகும், குத்தேக்க ஒருதரம் போகும். விரதமிருந்து, தோஞ்சு, ஈரச் சீலையோட நிண்டு இடிக்கிறது. அது அம்மனுக்குப் பொங்குற அரிசி. அதில இது பட்டா? அவள் என்ன செய்வாள், கை நோவு எண்டு சொல்லிப்போட்டு வீட்டில இரிப்பாள். ரெண்டு வருசமா இரிக்காள். மச்சாள்தான் அவளுக்குப் பதிலா இடிக்காள்."

எங்கள் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசியில் சடங்கு நடக்கும். பொங்கலுக்கான நெல்லைப் பெண்கள் உரலில் இட்டுக் குற்றுவார்கள். அந்த ஊரில் அந்த உரிமை பாக்கியம் அக்காவின் தாய்வழிக் குடிக்கு உரியது. தாய்க்குப் பிறகு மகள், கைமாறாமல் வருவது. கை நோவென்றால் ஒரு வருடம் பொறுப்பார்கள், இரண்டு வருடம் பொறுப்பார்கள். மூன்றாம் வருடம் அடுத்த குடி கேட்கும். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் ஐயா அந்த மாசியிலேயே சொல்லியிருந்தார்: "இந்த முறை பாக்கியம் வரவேணும். இல்லாட்டி உலக்கையை மத்தக் குடிக்குக் குடுக்கத்தான் வேணும்."

இதையெல்லாம் பாக்கியம் அக்கா ஆப்பிரிக்காவில் நடப்பதாகத்தான் சொல்லி முடித்தார். ஆப்பிரிக்காவில் வண்ணக்கர் இருக்கிறார், குடி வழக்கு இருக்கிறது, வைகாசிச் சடங்கும் இருக்கிறது. பிறகு இறால் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். "அவளுக்கு மருந்து ஏதும் இரிக்கா எண்டு உங்கட மேடத்திட்டக் கேட்டுப் பாரு. பாவம், மூணு மாசந்தான் இரிக்கு அவளுக்கு."

அறிக்கை கொண்டுபோன அன்று மேடம் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"தாங்கள் போன ஊரில் ஒருவர்கூட இல்லையா?"

"இல்ல மேடம். எல்லாருக்கும் நல்ல சுகம்."

"ஐந்து பிள்ளை பெற்றவர், ஏழு பிள்ளை பெற்றவர், தினமும் தண்ணீர் சுமப்பவர். ஒருவருக்கும் ஒரு துளி இல்லை. இந்த ஊரை அருங்காட்சியகத்தில் வைக்கலாம்."

அழுகை வந்துவிட்டது எனக்கு. அழுதபடியே ஆப்பிரிக்காக்காரியின் கதையைச் சொன்னேன், கறுத்தச் சேலை, பஸ் சீட்டு, உலக்கை, கை நோவு எல்லாம். மேடம் குறுக்கிடவில்லை. முடிந்த பிறகும் அவர் பேசவில்லை. அவரும் ஏழு எண்ணுகிறார் என்று விளங்கியது.

பிறகு அலுமாரியிலிருந்து ஒரு கட்டு ஆய்வறிக்கைகளை எடுத்துப் போட்டார். ஆப்பிரிக்காவின் வெவ்வேறு நாடுகளில் செய்தவை. "பாரும். இந்த ஊரில மிகக் குறைவு எண்டு இரிக்கு. அடுத்ததில மிகக் கூட. பெண்ணின்ட உடம்பு எல்லை தாண்டினா மாறுமா? மாறாது. கேட்டது ஆர், எப்பிடிக் கேட்டாங்க, பக்கத்தில ஆர் நிண்டது, அதுதான் மாறியிரிக்கு. அங்கயும் எங்கயோ ஒருத்தி 'எனக்கில்ல, பக்கத்து ஊர்க்காரிக்கு' எண்டு சொல்லித்தான் இரிப்பா." அறிக்கைகளைத் திரும்ப அடுக்கினார். "இன்னொண்டு. ஆப்பிரிக்கா ஒரு ஊர் இல்ல, கண்டம். அதைத் திருத்தும். ஆனா இப்ப வேணாம். இப்ப அந்த ஆப்பிரிக்காக்காரிக்கு வைத்தியம் பாப்பம்."

அடுத்த கிழமை மேடமே ஊருக்கு வந்தார். பரிமளம் அக்காவின் முற்றத்தில் குடையை மடித்து வைத்துவிட்டு, எந்த முகமாற்றமும் இல்லாமல் சொன்னார்: "ஆப்பிரிக்காவில இருக்கிறவங்களுக்கு ஒரு பயிற்சி இரிக்கு. பாரம் தூக்குறவங்களுக்கு அது ஒத்துவருமா எண்டு பாக்க வேணும். உங்களுக்கு வருத்தம் இல்லாததால நீங்க செய்து பாத்துச் சொன்னா எங்களுக்கு உதவி."

வருத்தம் இல்லாத பன்னிரண்டு பேர் உடனே கை தூக்கினார்கள். கடைசிக் கை பாக்கியம் அக்காவுடையது. அன்றைக்கே மேடம் அவர்களை இருமவைத்து, அணையாடையை நிறுத்து, முதல் கணக்கை எழுதிக்கொண்டார்.

பயிற்சி எளிது. மூத்திரத்தை அடக்குவதுபோல் அடித்தசையை மேலே இறுக்க வேண்டும், ஏழு எண்ண வேண்டும், விட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. இருமப் போகிறீர்கள், பாரம் தூக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு ஒரு கணம் முன்னால் இறுக்கிக்கொள்ள வேண்டும். எங்கேயும் செய்யலாம், எவருக்கும் தெரியாது.

எவருக்கும் தெரியாது என்பது மேடத்தின் நம்பிக்கை. அந்த மூன்று மாதமும் ஊரில் பெண்கள் திடீர் திடீரென்று பாதி வசனத்தில் நிறுத்தி, கண்ணை ஒரு பக்கம் குத்தி, உதட்டுக்குள் ஏதோ எண்ணினார்கள். மீன்காரர் விலை சொல்லிவிட்டு நிற்பார். எதிரே நிற்கும் அக்கா ஏழு எண்ணி முடித்துத்தான் பதில் சொல்லுவார். பேரம் பேசாமல் வெறித்துப் பார்க்கிறார்கள் என்று பயந்து அவர் தானாகவே விலையைக் குறைத்தார்.

"அந்தக் கடுதாசியில குரவை இல்லையே" என்று ஒருநாள் பரிமளம் அக்கா மேடத்தைப் பிடித்தார். கோயிலில் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்தக் குரவைச் சத்தத்தைத்தான் சொன்னார். "அடிவயித்தால எல்லோ போடுறது. ஆப்பிரிக்காவில குரவை போடமாட்டாங்களா?"

"போடுவாங்க. நம்மளை விடச் சத்தமா" என்றார் மேடம்.

பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஆப்பிரிக்காக்காரி அவர்களுக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டாள்.

சடங்குக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கடைசிச் சோதனை. ஊரின் பல்நோக்குக் கட்டடத்தில் பன்னிரண்டு பேரும் நிறை பார்த்த அணையாடை கட்டி, அரை லீற்றர் தண்ணீர் குடித்து, நடந்து, குனிந்து, நின்ற இடத்தில் குதித்து, கடைசியாகப் பத்துத் தரம் பலமாக இரும வேண்டும். மேடம் உள்ளறையில் தராசோடு இருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்து "இப்ப" என்றேன். பன்னிரண்டு பெண்கள் அடிவயிற்றிலிருந்து இருமினார்கள். கட்டடத்தின் தகரம் அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே தெருவால் போனார் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இளம் ஆள், புதிதாக வந்தவர், கொரோனாக் காலத்தில் படித்து வெளியேறியவர். மோட்டார்சைக்கிள் நின்றது. சட்டைப் பையிலிருந்து முகக்கவசம் வந்தது. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எத்தினை நாளா இந்த இருமல்?"

"மூணு மாசமா தம்பி" என்றார் பரிமளம் அக்கா. பயிற்சியைச் சொன்னார்.

"முதல்ல ஆருக்கு வந்தது?"

"ஆப்பிரிக்காக்காரிக்கு."

அவர் ஒரு அடி பின்னுக்குப் போனார். "ஆப்பிரிக்காவில இருந்து ஆள் வந்தாவா?"

"ஆள் வரல்ல. கடுதாசியிலதான் வந்தது."

"அந்தக் கடுதாசியை ஆர் தொட்டது?"

"எல்லாருந்தான். கையெழுத்து வெச்சமே."

நான் நடுவில் புகுந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது, பங்குபற்றுகிறவர்களின் எந்தத் தகவலையும் வெளியே சொல்லமாட்டேன் என்று நானும் கையெழுத்து வைத்திருக்கிறேன். உள்ளே திரும்பி மேடத்தைக் கூப்பிட்டேன். மேடம் உள்ளறையிலிருந்து வந்தார், கையில் தராசு.

"இஞ்ச என்ன நடக்குது டொக்டர்?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றார் மேடம். நேர்மைதான். ஆனால் அதைவிடப் பயங்கரமான பதில் இருக்க முடியாது.

கால்மணித்தியாலத்தில் வாசலில் மஞ்சள் தடைப் பட்டி கட்டியாயிற்று, அதற்குள் மேடம் உள்ளறையில் பன்னிரண்டு அணையாடையையும் நிறுத்து முடித்திருந்தார். பதினான்கு நாளைக்கு ஒருவரும் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது, கூட்டம் கூடக் கூடாது, மேலிடத்துக்கு அறிவிக்கப் போகிறேன் என்றார் அவர். கேள்விப்பட்டு வண்ணக்கர் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். பட்டிக்கு அந்தப்பக்கம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஒன்பது நாளில சடங்கு! பாக்கியம், நீயும் உள்ளுக்கா? அப்ப இந்த முறையும் இல்ல. நான் இனி என்ன செய்ய, மத்தக் குடிக்குச் சொல்லியனுப்புறன்."

"ஐயா, கொஞ்சம் பொறுங்க" என்றார் பரிமளம் அக்கா. "ஆப்பிரிக்காக்காரி..."

"அவளை விடு மச்சாள்" என்றார் பாக்கியம் அக்கா.

நடந்து வாசலுக்கு வந்தார். பட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அவர் இறுக்கி எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

"தம்பி, ஆப்பிரிக்காவில இருந்து ஒருத்தியும் வரல்ல. அது நான். இருமினா எனக்கு மூத்திரம் போகுது. தும்மினாலும் போகுது, உலக்கை தூக்கினாலும் போகுது. கை நோவு எண்டது பொய் ஐயா. கோயில் நெல்லில பட்டிருமெண்டு பயந்துதான் வரல்ல. இப்ப குறைஞ்சிரிக்கா எண்டு பாக்கத்தான் இருமினம். இது ஒருத்தரிட்ட இருந்து ஒருத்தருக்குத் தொத்தாது."

பரிசோதகரின் பேனை படிவத்தின் பாதியில் நின்றது.

"தொத்தினா நான்தான் தொத்தவெச்சது" என்றார் பரிமளம் அக்கா திடீரென்று. "ரெண்டு வருசமா அவளுக்குப் பதிலா இடிச்சனே, பழஞ்சீலை ரெண்டை மடிச்சுக் கட்டிக்கொண்டுதான் இடிச்சன். என்னைவிட அவள் எவ்வளவோ மேல்."

வண்ணக்கர் ஐயா அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். நான் பழக்கதோஷத்தில் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. அவர் சொல்லப்போகும் சொல்லில்தான் பாக்கியம் அக்காவின் உலக்கை இருந்தது. நான்கு. ஐந்து. ஏழும் தாண்டியது.

"என்ட மனுசி," என்றார் மெதுவாக, "கதிர்காமத்துக்கு வரமாட்டன் எண்டு நிண்டது இதுக்குத்தானா? பஸ்ஸில ஆறு மணித்தியாலம். நான் கேட்டுக் கேட்டு, கடைசியில என்னோட வர விருப்பமில்லயாக்கும் எண்டு நாலு வருசமா அவவோட முகம் குடுத்துக் கதைக்கல்ல."

"கறுத்தச் சீலை உடுக்கிறாவா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஓம். நான் துக்கம் எண்டு நினைச்சன்."

பிறகு அவர் நிமிர்ந்தார். "பாக்கியம், உன்னால இடிக்க ஏலுமா?"

"தராசைக் கேளுங்க ஐயா."

மேடம் அசையவில்லை. "எழுத்தில சம்மதம் வேணும்" என்றார். நான் ஓடிப்போய்த் தாள் கொண்டுவந்தேன், பாக்கியம் அக்கா பட்டி கட்டிய தூணில் வைத்துக் கையெழுத்திட்டார். மேடம் நேரம் எழுதினார், கண்ணாடியைப் போட்டார். "மாசியில இருபத்திரண்டு கிராம். இண்டைக்கு மூணு."

கோயில் வண்ணக்கர், அம்மனின் நெல்லுக்குப் பொறுப்பானவர், மூன்று கிராமைக் கண்ணை மூடி யோசித்தார். "வேர்வை அதைவிடக் கூட" என்றார். "வா."

பரிசோதகர் தம்பியின் காது சிவந்திருந்தது. பாதி நிரப்பிய படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் இப்ப இதில என்னண்டு எழுதுறது?" என்று கேட்டார். பரிமளம் அக்கா "இல்லை எண்டு எழுதுங்க தம்பி, நாங்களும் அப்பிடித்தான் எழுதினது" என்றார். தம்பி பட்டியைத் தானே சுருட்டினார். போகும்போது, இந்தச் சோதனை செட்டிபாளையம் பக்கம் எப்போது நடக்கும், தன் அம்மா கேட்கச் சொன்னார் என்று ரகசியமாக என்னிடம் கேட்டார். அம்மாவோடு அவர் இன்னும் பேசியிருக்கவே முடியாது.

சடங்கன்று நான் பெண்கள் பக்கத்தில் நின்றேன். பாக்கியம் அக்கா ஈரச் சேலையோடு வந்து உரலைக் கும்பிட்டார். உலக்கையைப் பிடித்தார். தூக்குவதற்கு முன்னால் ஒரு கணம், மிகச் சின்னக் கணம், நின்றார். பிறகு தூக்கினார், குற்றினார். எனக்கு முன்னால் நின்ற பதினோரு பேரும் அவரோடு சேர்ந்து இறுக்கி, அவரோடு சேர்ந்து விட்டார்கள். பதினோரு சேலைத் தலைப்பும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. பன்னிரண்டாவதாக, வண்ணக்கர் ஐயாவின் மனைவி, பச்சைச் சேலையில். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் "என்ன பக்தி பாருங்க" என்று கண்ணைத் துடைத்தார். நெல் அரிசியானதும் குரவை எழும்பியது. வாவிக்கு அந்தப்பக்கம் வட்டையில் நின்ற கொக்கெல்லாம் கிளம்பின.

பொங்கல் முடிந்த பிறகு தாளோடு பாக்கியம் அக்காவிடம் போனேன். எல்லாரிடமும் முதலிலிருந்து கேட்கச் சொல்லி மேடம் புதுத் தாள்கள் தந்திருந்தார். அந்த ஊரில் பிறகு என் பேனை எந்தக் கட்டத்தில் தேய்ந்தது என்பதை அறிக்கை சொல்லும். அன்றைக்கு முதல் தாள் அவருடையது.

"தானியத்தை உலக்கையால் இடிக்கும்போது?"

எண்ணவே வேண்டியிருக்கவில்லை. "ரெண்டு துளி. எழுது." பிறகு கேட்டார்: "இந்தக் கேள்வியை எழுதின தாதிக்கு முதல்முதல்ல 'எனக்கு இடிக்கேக்க போகுது' எண்டு சொன்னவள் ஆர்?"

"தெரியா அக்கா. பேர் இருக்காது. இலக்கந்தான் இருக்கும்."

அவர் சுளகிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து, ஒரு தாள் துண்டில் மடித்து என் கையில் வைத்தார். "அவளுக்குக் குடுத்தனுப்பு. இடிச்சிட்டன் எண்டு சொல்லு."

மேடத்திடம் கொண்டுபோனேன். ஆப்பிரிக்கா ஒரு ஊர் அல்ல, கண்டம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தராசில் வைத்து நிறுத்தார், ஒரு கவருக்குள் போட்டு ஒட்டி, கிராமையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். முகவரி எழுதும் இடத்தில் பேனையை வைத்தபடி வெகுநேரம் இருந்தார்.

தங்கச்சிமாரே, உங்கள் டெப்பில் அதைப் பதிய ஒரு கட்டமும் இல்லை, நான் பார்த்துவிட்டேன். அந்தக் கவர் இப்போதும் அலுவலகத்தில் என் பழைய மேசையின் இடப்பக்க லாச்சியில் இருக்கிறது. மேடம் ஒவ்வொரு நாட்டுக்காரருக்கும் எழுதி விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஆள் கிடைக்கும்வரைக்கும் வண்டு வராமல் மிளகாய் ஒன்று போட்டு வையுங்கள். ஒருவரும் எடுத்துச் சோறாக்கிவிட வேண்டாம்.